கிண்டியாரின் நிச்சயக் குதிரை

தாம்பரத்தில் தனசிங்கைத் தெரியாதவர்கள் இருந்தார்கள். கிண்டியாரைத் தெரியாதவர்கள் கிடையாது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று தெரிந்தவர்கள் அதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் தாங்களும் ரேஸ் பக்கம் படிக்கிறவர்கள் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். சர்ச் சபையில் யாராவது கேட்டால், "மெட்டில்டா டீச்சர் வீட்டுக்காரரா? பேப்பர்ல ஸ்போர்ட்ஸ் எழுதுறார்" என்பார்கள். ஹாக்கி, ஃபுட்பால் மாதிரி ஏதோ ஒன்று என்று கேட்டவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சனிக்கிழமை காலையில் இதே சபைப் பெரியவர்கள் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பார்கள். அதில் ஒரு கட்டம் கட்டி 'இன்றைய நிச்சயம்' என்று ஒரு குதிரையின் பெயர் இருக்கும், கீழே கிண்டியார் என்று போட்டிருக்கும்.

அவர் ஒன்றும் ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தவரில்லை. பேப்பரில் புரூஃப் பார்க்கச் சேர்ந்தவர். ரேஸ் எழுதிக்கொண்டிருந்த ஆசாமி ஒரு சீசன் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் பம்பாய்க்குப் போய்விட்டார். ஆசிரியர் ஹாலுக்கு வந்து, "இங்க யாருக்குய்யா குதிரை தெரியும்?" என்று கேட்டார். தனசிங் சும்மா இருந்திருக்கலாம். "ஜட்காக் குதிரை தெரியும் சார்" என்று வேடிக்கையாகச் சொன்னார். அந்த வேடிக்கை அவர் தலையில் விடிந்தது.

ரேஸ் மைதானத்துக்குப் போன பிறகுதான் தனக்கு அப்படி ஒரு கண் இருப்பது அவருக்கே தெரிந்தது. விடியுமுன் முதல் மின்சார ரயிலில் கிண்டிக்குப் போய் இறங்கி, மைதானத்துக் கம்பியில் சாய்ந்து நிற்பார். பனிக்குள் குதிரைகள் ஓடிப் பழகிக்கொண்டிருக்கும். முகம் தெரியாது, நிறம் தெரியாது. கால் வைக்கிற தினுசை வைத்தே இது இன்னது என்று சொல்லிவிடுவார். எது வலியை மறைத்துக்கொண்டு ஓடுகிறது, எது அடக்கிப் பிடித்ததால் மெதுவாகப் போகிறது என்பதெல்லாம் அவருக்குப் பார்த்ததும் பிடிபட்டது. அப்படியும் மூன்று குதிரை சொன்னால் ஒன்று ஜெயிக்கும். உலகத்தில் நல்ல டிப்ஸ்காரன் என்றால் அவ்வளவுதான். மிச்ச இரண்டுக்கும் ஜனங்கள் ஜாக்கியைத் திட்டித் தீர்த்துக்கொள்வார்கள்.

வீட்டில் பிள்ளை இல்லை. மெட்டில்டாவின் தம்பி ஜெபராஜ்தான் பிள்ளை. தாய் தகப்பன் போனபின் காலேஜ் படிக்க அக்கா வீட்டுக்கு வந்தவன், அங்கேயே வளர்ந்து, நுங்கம்பாக்கத்தில் சர்க்கார் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து, அத்தான் பார்த்து வைத்த யூனிஸைக் கட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவிலேயே குடித்தனம் போட்டான். நல்ல குரல். சபையில் அறுப்புப் பண்டிகை வந்தால் காணிக்கைப் பொருள்களை ஏலம் போடுவது அவன்தான். ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஒரு சவரன் மாதிரி தூக்கிப் பிடித்து, சிரிக்கவைத்துச் சிரிக்கவைத்தே விலையை ஏற்றிவிடுவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் தனசிங்குக்கு, பெற்ற பிள்ளை இருந்திருந்தால்கூட இவ்வளவு பெருமையாக இருந்திருக்குமா என்று தோன்றும்.

கெட்டது எல்லாம் அறுபத்து நாலாம் வருஷம் ஆரம்பித்தது. சிட்டிபாபு என்று ஒருத்தன், ஒரு குதிரை முதலாளிக்கு எடுபிடி, ஸ்டேஷன் டீக்கடையில் தனசிங்கை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"சனிக்கெழம ஸீ ப்ரீஸ் குதிர வரப்போவுது சார். இத்தினி நாளா இழுத்துப் புட்சிக்கினு இருந்தாங்க. ஆனா பேப்பர்ல மட்டும் அது பேரப் போட்டுடாத. நீ போட்டா ஊரே கட்டும், வெல பூடும், ஜெயிச்சாலும் துட்டு தேறாது. வேற எதுனா போட்டுட்டு, நீயும் கம்முனு கட்டிக்க."

தனசிங் வேறு எதையோ போட்டார். கோல்டன் கேட் என்று ஒரு சோப்ளாங்கிக் குதிரையை 'இன்றைய நிச்சயம்' ஆக்கினார். ஜெபராஜைக் கூட்டிக்கொண்டு போய் ஸீ ப்ரீஸ் மேல் கட்டினார். அது காற்றாகத்தான் வந்தது. அன்றைக்கு அத்தானும் மைத்துனனும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஃபர்ஸ்ட் கிளாஸில் தாம்பரம் திரும்பினார்கள். யூனிஸுக்குத் தையல் மிஷின் வந்தது. ரயிலில் ஜெபராஜ் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "ஊரையே ஏமாத்திட்டீங்களே அத்தான்! பேப்பர்ல ஒண்ணு, பாக்கெட்ல ஒண்ணு. கிரேட்!" என்று தொடையில் தட்டித் தட்டிச் சொன்னான். தனசிங்கும் சிரித்தார், நெஞ்சு நிறைந்துதான் சிரித்தார்.

திங்கட்கிழமை சவுரிமுத்துவின் சலூனில் ஷேவிங்குக்கு உட்கார்ந்தார். மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் கடை. சவுரிமுத்து கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னான்.

"கோல்டன் கேட்டு கவுத்துடுச்சே சார். மவ ஸ்கூல் பீசு கட்ட வெச்சிருந்தத எட்த்துக்கினு போனேன். பரவால்ல, உடு. நீ எழ்தினா கரீட்டாத்தான் எழ்துவ. குதிரைக்கு இன்னா கஷ்டமோ, பாவம்."

கத்தி தொண்டைக்குழியில் மெதுவாக இறங்கி ஏறியது. திட்டியிருந்தால் தனசிங் தாங்கியிருப்பார். அவர் செய்தது தெரியாமலே அவரை நம்புகிற ஒரு மனுஷன் குதிரைக்காக இரக்கப்பட்டதுதான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதார். ரேஸ்காரன் அழுதால் பணம் போய்விட்டது என்றுதான் மெட்டில்டா நினைப்பாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இனிமேல் ஒரு காசு கட்டுவதில்லை, கண்ணால் பார்த்ததைத் தவிர ஒரு பெயர் எழுதுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தார். குடிகாரன் முடிவு மாதிரி இல்லை, கடைசிவரை நின்ற முடிவு.

ஜெபராஜிடமும் சொன்னார். "ஜெபா, இனிமே பேப்பர்ல போடறதுதான். வேற டிப் கிடையாது."

அவன் சிரித்தான். "சரி அத்தான். புரியுது அத்தான்" என்று கண்ணைச் சிமிட்டினான். அவர் என்னத்தைச் சொன்னார், இவன் என்னத்தைப் புரிந்துகொண்டான்?

அதிலிருந்து அவன் பேப்பரில் வந்த குதிரை மேல் கட்டியதே இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு வருவான். மெட்டில்டா அடுப்படிக்குப் போனதும், "பேப்பர் கெடக்கட்டும் அத்தான், நமக்கு என்ன?" என்பான். "பேப்பர்தான்டா நமக்கும்" என்பார். பேப்பர்க் குதிரை தோற்றால், பார்த்தாயா, அத்தானுக்கு அசல் எதுவென்று தெரிந்திருக்கிறது என்று நினைப்பான். ஜெயித்தால், சும்மா ஊர் வாயை அடைக்கப் போட்டது என்பான். அக்கா தனக்குச் சொல்லக்கூடாதென்று வாக்கு வாங்கியிருக்கிறாள் என்று அவனாகவே ஒரு கதையும் கட்டிக்கொண்டான். அவர் எந்தக் குதிரையைப் பற்றி ஒரு வரி அதிகம் எழுதுகிறார், எதைப் பற்றி எழுதவே இல்லை என்று ஆராய்வான். ஏழு வருஷம் இப்படி. பொய்யை ஒரே தரம் சொல்லிக் காட்டியதற்கு, உண்மையை ஏழு வருஷம் சொல்லியும் எடுபடவில்லை. தனசிங்குக்குச் சில சமயம் பற்றிக்கொண்டு வரும், சில சமயம் பயமாக இருக்கும்.

எழுபத்தோராம் வருஷம், பொங்கலுக்கு முந்தின வாரம். வியாழக்கிழமை சாயங்காலம் மெட்டில்டா பாடகர் குழுப் பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில் ஜெபராஜ் வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தான்.

"அத்தான், கோபுரப் பணம் போயிடுச்சு."

சபையார் புதிதாக மணிக்கோபுரம் கட்டப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பொருளாளர் ஜெபராஜ். அவன் குரலுக்கும் சிரிப்புக்கும் ஜனங்கள் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்திருந்தார்கள்.

"எல்லாமேவா?"

"பாதிக்கு மேல. குதிரையில விட்டுட்டேன். சண்டே ஆராதனை முடிஞ்சதும் கூட்டம். செக்ரட்டரி அசரியா சார் கணக்கு வாசிக்கச் சொல்லியிருக்கார். போலீஸ் வரைக்கும் போகும் அத்தான். வேலை போயிடும். யூனிஸ் மறுபடியும் உண்டாயிருக்கா."

தனசிங் அவனை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கின கையால் அவன் தலையைப் பிடித்துத் தன் முழங்காலோடு சேர்த்துக்கொண்டார். திருப்பிக் கட்ட அவரிடம் எதுவும் இல்லை. பேப்பர் சம்பளம் மாசக் கடைசியைப் பார்த்ததில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு குதிரை.

அதன் பெயர் சில்வர் ஆரோ. கால் அடிபட்டு ஒரு வருஷம் லாயத்தில் கிடந்த பெண்குதிரை. ஊர் அதை மறந்துவிட்டது. அந்த வாரம் இருட்டில், மற்ற பத்திரிகைக்காரர்கள் வருமுன் அது ஓடியதை அவர் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு ஓட்டத்தை அவர் கண்டதில்லை. மூன்றில் ஒன்று என்கிற கணக்கெல்லாம் இதற்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"சனிக்கிழமை சில்வர் ஆரோ. அதைத்தான் நாளைக்கு எழுதப் போறேன். இருக்கிற மிச்சத்தை அது மேல கட்டு. எழுதினாலும் ஒண்ணுக்கு எட்டுக்குக் குறையாம விலை கிடைக்கும். எல்லாம் திரும்பி வந்துடும். அதோட இந்தப் பக்கமே தலைவைச்சுப் படுக்கக் கூடாது."

ஜெபராஜ் நிமிர்ந்து பார்த்தான். "பேப்பர்ல போடப் போற குதிரையவா எனக்குச் சொல்றீங்க?"

"ஆமாடா. பணத்தை என்கிட்ட குடு, நானே போடறேன்."

"வேண்டாம், நான் போட்டுக்கறேன்." பிறகு மேஜை மேல் இருந்த வேதப் புத்தகத்தைப் பார்த்தான். "அத்தான், அது மேல கைவச்சு ஒரு சத்தியம் பண்ணுங்க. சில்வர் ஆரோதான்னு. அப்ப நம்பறேன்."

தனசிங்கின் தகப்பனார் தெற்கே நாசரேத்துப் பக்கம் சபை உபதேசியாராக இருந்தவர். அந்த வீட்டில் விளையாட்டுக்குக்கூட 'சத்தியமா' என்று ஒரு வார்த்தை வரக்கூடாது, வந்தால் வாயில் அடி விழும். ரேஸ் எழுதுவது பாவமா என்று மெட்டில்டா கேட்டபோதெல்லாம், அப்படி வேதத்தில் எங்கேயும் நேரடியாக இல்லை என்று வாதாடியவர் தனசிங். சத்தியம் பண்ணாதே என்பது நேரடியாகவே இருக்கிறது. இவ்வளவு கெட்ட தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும் இந்த ஒன்றையாவது மீறவில்லை என்பதில்தான் அவருடைய கிறிஸ்தவம் முழுக்கத் தங்கியிருந்தது.

"சத்தியம் பண்ண மாட்டேன்டா. நம்ம வழக்கம் இல்லைன்னு உனக்கே தெரியும். நான் சொல்றது உண்மை. அது போதாதா?"

"போதும் அத்தான்" என்றான் ஜெபராஜ். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனான். அந்தப் 'போதும்' ஏதோ மாதிரி இருந்தது. கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். மெட்டில்டா கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது, விட்டுவிட்டார்.

சனிக்கிழமை பேப்பரில் சில்வர் ஆரோ வந்தது. வழக்கமாக நாலு வரி எழுதுகிறவர் அன்றைக்கு ஒரே வரிதான் எழுதியிருந்தார்: 'இதை நான் கண்ணால் பார்த்தேன்.' மத்தியானம் கிண்டியில் ஜனம் நெரிந்தது. நாலாவது ரேஸ். தனசிங் பத்திரிகைக்காரர்கள் மாடியில் நின்றார். தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டார். அவர் கட்டவில்லை, ஆனால் அவர் உயிர் அந்தக் குதிரையின் கால்களில் இருந்தது. கர்த்தாவே, இந்த ஒரு தடவை, இந்த ஒரு தடவை என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

சில்வர் ஆரோ கடைசித் திருப்பத்தில் வெளிப்பக்கமாக வந்தது. வந்த பிறகு மற்றக் குதிரைகள் நின்றுவிட்டது போலிருந்தது. அவ்வளவு இடைவெளி. காசு குறைந்த சின்ன டிக்கெட் பக்கத்திலிருந்து "கிண்டியார்! கிண்டியார்!" என்று ஒரு சத்தம் கிளம்பி ஸ்டாண்டு முழுக்கப் பரவியது. துண்டுகள் பறந்தன. பக்கத்துப் பத்திரிகைக்காரர் அவரைக் கட்டிப்பிடித்து, "கொன்னுட்டீங்க சார்!" என்றார். தனசிங் அவரை உதறிவிட்டுப் படியில் இறங்கி ஓடினார். ஜெபாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் சிரிப்பதைப் பார்க்க வேண்டும்.

அவன் கம்பி ஓரத்தில் நின்றிருந்தான். எல்லோரும் ஜெயித்த பணம் வாங்கப் புக்கிகளிடம் ஓடிக்கொண்டிருக்க அவன் மட்டும் மைதானத்தைப் பார்த்து நின்றான். கடைசிக் குதிரை அப்போதுதான் மெதுவாக வந்து சேர்ந்தது. காப்டன் ராஜ் என்ற கிழட்டுக் குதிரை, அதற்கு அது கடைசி ரேஸ்.

"ஜெபா! வாங்கிட்டியா? வா, போய் வாங்கிடலாம்."

ஜெபராஜ் திரும்பினான். கையிலிருந்த சீட்டை அவரிடம் நீட்டினான். அதில் காப்டன் ராஜின் நம்பர் இருந்தது.

தனசிங்குக்கு முதலில் புரியவில்லை. "இது எதுக்குடா?"

"இன்னிக்கு விடியக்காலை உங்க பின்னாலயே அடுத்த பெட்டியில வந்தேன் அத்தான். நீங்க இந்தக் குதிரைகிட்ட நின்னு கேரட் குடுத்தீங்க. கழுத்தைத் தடவிக் குடுத்துகிட்டே ரொம்ப நேரம் நின்னீங்க. வேற எந்தக் குதிரைகிட்டயும் போகல."

"ஐயோ, அது கடைசி ரேஸுடா. இதோட அதை ஓட விடமாட்டாங்க. பாவமேன்னு குடுத்தேன்!"

"சத்தியம் பண்ணச் சொன்னப்போ பண்ணலையே."

தனசிங் அந்தக் கூட்டத்தின் நடுவில் கையைத் தூக்கினார். "இப்போ பண்றேன்டா! கர்த்தர் மேல சத்தியமா, எங்க அப்பா மேல சத்தியமா நான் உன்கிட்ட..." அவர் முடிக்குமுன் இரண்டு பேர் வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பணம் வாங்க ஓடினார்கள்.

"இப்போ எதுக்கு அத்தான்?" என்றான் ஜெபராஜ். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரியும். நான் பேப்பர்க் குதிரையைக் கட்டமாட்டேன்னு தெரிஞ்சுதான் இந்தத் தடவை அசலைப் பேப்பர்ல போட்டீங்க. நான் பின்னால வரேன்னும் தெரிஞ்சிருக்கும். ஊருக்கெல்லாம் குடுத்தீங்க. என்னை மட்டும் கவுத்துட்டீங்க. ஏன் அத்தான்? நான் என்ன பண்ணேன் உங்களுக்கு?"

தனசிங் எதைச் சொன்னாலும் அவன் அதைத் திருப்பிப் போட்டுத்தான் படிப்பான். அப்படிப் படிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

அன்று ராத்திரி பேப்பர் முதலாளி ஆள் அனுப்பி மாலை போட்டார். அடுத்த மாசத்திலிருந்து சம்பள உயர்வு என்று சொல்லி அனுப்பினார். மெட்டில்டா அந்த மாலையைத் தொடாமல் ஒதுங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தது. சபைப் போதகரான ஐயர் ஜெபம் பண்ணிக் கூட்டத்தை ஆரம்பித்துவைத்தார். காரியதரிசி அசரியா, ரிடையரான ஹெட்மாஸ்டர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பொருளாளர் கோபுர நிதிக் கணக்கு வாசிப்பார்" என்றார். ஜெபராஜ் எழுந்தான். வாய் திறந்தது, அந்த நல்ல குரல் வரவில்லை. பெண்கள் பக்கத்தில் யூனிஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

பின்வரிசையில் தனசிங் எழுந்தார். சபைக் கூட்டத்தில் அவர் ஒரு நாளும் பேசியதில்லை.

"அந்தப் பணம் இல்லை. நான்தான் எடுத்தேன். பத்திரமா வைக்கச் சொல்லி ஜெபராஜ் என்கிட்ட குடுத்துவச்சான். நான் ரேஸ்ல விட்டுட்டேன். அவனுக்கு நேத்துதான் தெரியும். மாசாமாசம் என் சம்பளத்துல கழிச்சுக்குங்க."

ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. எப்போது, எவ்வளவு, எந்தக் குதிரை, ஒன்றுமில்லை. ஏழு வருஷம் உண்மையை எழுதியும் சொந்த வீட்டில் ஒரு ஆளை நம்பவைக்க முடியாதவர், ஒரே நிமிஷத்தில் ஒரு முழு சபையை நம்பவைத்துவிட்டார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்று அசரியா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. தனசிங்குக்கு இனிமேல் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது என்று ஐயர் தயங்கித் தயங்கிச் சொன்னார். போலீஸ் வேண்டாம் என்று முடிவாயிற்று, டீச்சர் முகத்துக்காக. மெட்டில்டா அவரைத் திரும்பிப் பார்க்காமல் யூனிஸின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

போகட்டும், பையன் பிழைத்தான் என்று தனசிங் நினைத்துக்கொண்டார். அது ஒன்றுதான் மிச்சம். அவனுக்காவது தெரியும். இந்தச் சபையில் உள்ளவர்களில் இது பொய் என்று தெரிந்தவன் அவன் ஒருத்தன் இருக்கிறான். அவன் ஒருத்தனுக்குத் தெரிந்தால் போதும்.

கூட்டம் கலைந்தபின் வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் சைக்கிளை எடுக்கப் போனார். ஜெபராஜ் வந்தான். கண்ணெல்லாம் அழுது சிவந்திருந்தது. அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தனசிங் மனசு இளகிப்போய், ஒன்றும் சொல்ல வேண்டாம்டா என்று சொல்ல வாயெடுத்தார்.

"இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே அத்தான்" என்றான் அவன். "நான் தோத்ததுக்குக் காரணம் நீங்கதான்னு உங்க மனசாட்சிக்குத் தெரிஞ்சிருக்கு. இல்லன்னா இவ்வளவு பெரிய பழிய யாரு தலையில போட்டுப்பாங்க? நான் மன்னிச்சுட்டேன்."

தனசிங் அவன் முகத்தைப் பார்த்தார். அதில் நெடுநாளாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவன் அவரை முழுசாக நம்பினான்.

"ஆமாடா" என்றார் தனசிங். "நான்தான்."